புது ஃபிரிட்ஜ் வாங்குறதுக்கு முன்னாடி பழசுக்குப் பின்னாடி ஒரு தடவை பாருங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல கரண்ட் பில்லைக் குறைக்கிறது எப்படின்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, ஒரு வரி விடாம படிச்சேன். லைட்டை அணைங்க, சார்ஜரைப் பிடுங்கி வைங்க, ஃபேனைத் துடைங்கன்னு எல்லாம் நல்லாத்தான் சொல்லியிருந்தாங்க. ஆனா கிச்சன் சாமான் பத்தி மட்டும் ரெண்டே வரி, அதுவும் "பழைய சாதனங்களை மாத்திட்டு புதுசு வாங்குங்க"ன்னு முடிச்சிட்டாங்க. அது எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்ல. வீட்டுல ரொம்ப கரண்ட் இழுக்குற பல சாமான் இருக்குறதே கிச்சன்லதான், அதைப் பாத்துக்குற விதத்துலயே எவ்வளவோ மிச்சம் பிடிக்கலாம், அதைச் சொல்லாம நேரா கடைக்குப் போங்கன்னு சொன்னா எப்படி. அதான் எழுத உக்காந்தேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

எங்க வீட்டுல நடந்ததையே சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ஃபிரிட்ஜ் நிக்காம ஓட ஆரம்பிச்சது. நல்லா இருக்குற ஃபிரிட்ஜ் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் டக்குனு ஒரு சத்தம் வந்து அடங்கிடும், ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம் கேட்டா நல்லாத் தெரியும். அந்த டக்குங்குற சத்தம் எங்க வீட்டுல காணாமப் போயிடுச்சு. பக்கவாட்டுல கை வச்சா சூடு, உள்ள வச்ச பால் மறுநாளே புளிச்ச வாடை அடிக்குது, அந்த மாச பில்லும் ஏறியிருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டோம், அவர் வந்து கதவைத் திறந்து மூடிப் பாத்தாரு, காதை வச்சுக் கேட்டாரு, "கம்ப்ரசர் போச்சும்மா, இதுக்கு செலவு பண்றதுக்கு புதுசு எடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டு அஞ்சு நிமிஷத்துல கிளம்பிட்டாரு. ஃபிரிட்ஜை முன்னாடி இழுத்துக்கூடப் பாக்கல. நாங்களும் நம்பிட்டோம், எந்த சைஸ் வாங்கலாம்னு பேசவே ஆரம்பிச்சிட்டோம்.

புது ஃபிரிட்ஜ் அந்த இடத்துல அடங்குமான்னு அளவு எடுக்குறதுக்காகப் பழசை இழுத்தோம், அப்பதான் பின்பக்கத்தைப் பாத்தேன். அங்க கருப்பா வளைஞ்சு வளைஞ்சு ஒரு கம்பி வரிசை இருக்கும்ல, அது கண்ணுக்கே தெரியல, மேல இருந்து கீழ வரைக்கும் பழைய கம்பளியைப் போத்தி விட்ட மாதிரி தூசி, அதுல எண்ணெய்ப் புகை வேற படிஞ்சு பிசுபிசுன்னு ஒட்டிக் கிடந்தது. சுவத்தோட ஒட்டித் தள்ளி வச்சிருந்தோம் வேற, காத்து போகவே வழியில்ல. பிளக்கைப் பிடுங்கிட்டு காஞ்ச பெயிண்ட் பிரஷ்ஷால மெதுவா மேல இருந்து கீழ தட்டித் தட்டி எடுத்தேன், ஒரு பை நிறைய வந்துச்சு.

சரி கை வச்சாச்சு, கதவையும் பாப்போம்னு, ஒரு பேப்பர் துண்டைக் கதவு ரப்பருக்கு நடுவுல வச்சு மூடிட்டு உருவிப் பாத்தேன். ரப்பர் நல்லா இருந்தா பேப்பர் சட்டுனு வராது, பிடிச்சு இழுக்கணும். கீழயும் பக்கத்துலயும் பிடிச்சது, மேல் மூலைல மட்டும் வெண்ணெய்ல இருந்து கத்தி வர்ற மாதிரி வழுக்கிட்டு வந்துடுச்சு. அந்த மூலைல ரப்பர் வளைஞ்சு உள் பக்கம் மடங்கிக் கிடந்தது, மடிப்புக்குள்ள எப்பவோ சிந்தினது காஞ்சு கல்லு மாதிரி இருந்துச்சு. பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணியும் வச்சு சுத்தி எல்லாம் தேச்சேன், அப்புறம் ஹேர் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு அந்த மூலைக்கு சூடு காட்டி, ரப்பர் இளகுனதும் விரலால வெளிய நீவி விட்டுக் கதவை மூடி வச்சேன். சுவத்துல இருந்து ஒரு கையளவு தள்ளி ஃபிரிட்ஜை நிறுத்தி பிளக்கைப் போட்டோம். அன்னைக்கு ராத்திரி தூக்கத்துல டக்குனு ஒரு சத்தம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இன்னைக்கு வரைக்கும் அதே ஃபிரிட்ஜ்தான் ஓடுது, கம்ப்ரசரை யாரும் தொடல.

இது ஏன் இப்படி ஆச்சுன்னு அப்புறம் யோசிச்சேன், படிச்சேன், தெரிஞ்சவங்ககிட்ட கேட்டேன். ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குறதே இல்லீங்க, உள்ள இருக்குற சூட்டை அள்ளிட்டு வந்து பின்னாடி கொட்டுது, அவ்வளவுதான் அதோட வேலை. கொட்டுற இடத்தைத் தூசி மூடிட்டா சூடு வெளிய போகாது, இன்னொரு பக்கம் கதவு இடுக்கு வழியா வெளிச் சூடு உள்ள வந்துக்கிட்டே இருக்கும், பாவம் அந்த கம்ப்ரசர் ரெண்டு பக்கமும் அடி வாங்கிக்கிட்டு நிக்காம ஓடும். அப்படி ஓடி ஓடித்தான் சீக்கிரம் சாகுது. எல்லா ஃபிரிட்ஜுலயும் கம்பி வெளிய தெரியாது, சிலதுல பக்கவாட்டுத் தகடுக்குள்ளயே இருக்கும், அதுக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி விட்டாலே போதும், தகடு லேசா சுடுறது அதுல இயல்புதான், பயப்பட வேண்டாம்.

இதுக்கப்புறம் கிச்சன்ல எந்த சாமானைப் பாத்தாலும் எனக்கு ஒரே கேள்விதான், இதுல சூடு எந்த வழியா போகணும், எந்த வழியா போகக்கூடாது. ஏன்னா கரண்ட்டைத் தின்னுறது சூடுதான், சுத்துற சாமான் இல்ல. கணக்கு போட்டுப் பாருங்க, 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினா 1 யூனிட். 750 வாட் மிக்ஸி பயங்கர சத்தம் போடும், வீடே அதிரும், ஆனா 10 நிமிஷம் அரைச்சாலும் எட்டுல ஒரு பங்கு யூனிட்தான். சத்தமே இல்லாம மூலைல நிக்கிற 2000 வாட் கெட்டில் அதே 10 நிமிஷத்துல மூணுல ஒரு பங்கு யூனிட்டை முழுங்கிடும். ஃபிரிட்ஜ் வாட்டு கம்மிதான், ஆனா வருஷம் 365 நாளும் 24 மணி நேரமும் பிளக்லயே இருக்குறது அது ஒண்ணுதான், அதனால அதுல கொஞ்சம் குறைஞ்சாலும் சேர்ந்து பெருசா நிக்கும். நிறைய பேர் மிக்ஸிய ரெண்டு சுத்து கம்மியா ஓட்டி மிச்சம் பிடிக்கிறாங்க, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி எட்டிக்கூடப் பாக்குறதில்ல, எனக்கு அதுதான் ஆதங்கம்.

ஃபிரிட்ஜை விடுறதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு மூணு சொல்லிடுறேன். உள்ள 3, 4 டிகிரி இருந்தா போதும், ஃப்ரீசர் மைனஸ் 18, அதுக்கும் கீழ திருகி வைக்கிறதால சாப்பாடு கூடுதலா நல்லா இருக்கப் போறதில்ல, பில்லுதான் ஏறும். சூடா இருக்குறதை அப்படியே உள்ள வைக்காதீங்க, அதுக்காக ராத்திரி முழுக்க வெளிய விட்டுடவும் கூடாது, 2 மணி நேரத்துக்குள்ள உள்ள போயிடணும், அதுக்கு மேல வெளிய இருந்தா கிருமி பெருகிடும். சீக்கிரம் ஆறணும்னா அகலமான பாத்திரத்துல பரப்பி வைங்க. கரண்ட் போயிட்டா கதவைத் திறந்து திறந்து பாக்காதீங்க, மூடியே வச்சா கீழ் பகுதி 4 மணி நேரம் தாங்கும், நிறைஞ்ச ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைஞ்சது 24 மணி நேரம் தாங்கும்.

ஐஸ் கட்டுற மாடலா இருந்தா ஐஸ் அரை சென்டிமீட்டர் தடிமன் ஆச்சுன்னா எடுத்துடணும், அந்த ஐஸே ஒரு போர்வை மாதிரி நின்னு குளிரைத் தடுக்கும். எப்படி எடுக்குறதுன்னா ஆஃப் பண்ணிட்டு கதவைத் திறந்து வச்சு தானா உருக விடணும், அவசரம்னா ஒரு பாத்திரத்துல சுடுதண்ணி உள்ள வைங்க. கத்தி, ஸ்பூன் எதையும் வச்சுக் குத்தவே கூடாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா அவசரத்துல கத்தியால குத்தினாங்க, உஸ்ஸுனு ஒரே சத்தம், அலுமினியத் தகடு ஓட்டையாகி கேஸ் மொத்தமும் போயிடுச்சு, நல்ல ஃபிரிட்ஜ் ஒரே நிமிஷத்துல வீண். இப்ப வர்ற நிறைய ஃபிரிட்ஜ்ல ஐசோபியூட்டேன்தான் இருக்கு, அது தீப்பிடிக்கிற கேஸ், பக்கத்துல அடுப்பு எரிஞ்சா என்ன ஆகும்னு யோசிங்க.

இப்ப அடுப்புக்கு வர்றேன். இங்க நாம வீணாக்குறது நமக்கே தெரியாது, கரண்ட் அடுப்போ கேஸ் அடுப்போ எதுவா இருந்தாலும் சரி. ஒரு லிட்டர் தண்ணிய 25 டிகிரில இருந்து 100 டிகிரிக்குக் கொண்டு வர சுமார் 315 கிலோஜூல் சூடு வேணும், கிலோஜூல்ங்குறது சூட்டை அளக்குற கணக்கு. ஆனா கொதிக்க ஆரம்பிச்ச அதே ஒரு லிட்டரை முழுசா ஆவியாக்க 2257 கிலோஜூல், ஏழு மடங்குக்கும் மேல. இதுல விஷயம் என்னன்னா கொதி வந்தப்புறம் நீங்க எவ்வளவு தீயைக் கூட்டினாலும் திறந்த பாத்திரத்துல தண்ணி 100 டிகிரிய தாண்டவே தாண்டாது. தளதளன்னு கொதிச்சா சீக்கிரம் வேகும்னு நினைக்கிறோம், வேகுற வேகம் அதேதான், கூட்டின தீ பூராவும் ஆவியாகி ஜன்னல் வழியா போகுது. அதனால கொதி வர்ற வரைக்கும் நல்லாத் தீ வைங்க, கொதி வந்ததும் அப்படியே குறைச்சு, லேசா குமிழி வந்தா போதும், மூடியைப் போட்டு வைங்க. இதை ஒரு வாரம் செஞ்சு பாருங்க, கிச்சன் சுவர்ல ஈரம் படியுறதே குறைஞ்சிடும், எங்க வீட்டுல அப்படித்தான் எனக்கே புரிஞ்சது.

100 டிகிரிய தாண்டணும்னா அதுக்குத்தான் பிரஷர் குக்கர், உள்ள அழுத்தம் ஏறுறதால தண்ணி 120 டிகிரி பக்கத்துல போய்தான் கொதிக்கும், நேரம் பாதிக்கும் கீழ குறையும். இது இன்னைக்கு நேத்து வந்த யோசனை இல்ல, டெனி பாபின்ங்குற பிரெஞ்சுக்காரர் 1679லயே லண்டன்ல இப்படி ஒரு பாத்திரம் செஞ்சு காட்டினாரு, வெடிக்காம இருக்க சேஃப்டி வால்வையும் அவரேதான் யோசிச்சு வச்சாரு. அவ்வளவு பழைய பொருளை நாம எப்படி வச்சிருக்கோம்? வெயிட் போடுற குழாயை எத்தனை பேர் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு ஓட்டை வழியாப் பாக்குறீங்க. ஒரு பருப்புத் தோல் போதும் அதை அடைக்க. கேஸ்கெட்டைக் கழுவித் துடைச்சு மூடியை விட்டு வெளிய எடுத்து வைங்க, மூடிக்குள்ளயே வச்சு இறுக்கிப் பூட்டி வச்சா சீக்கிரம் இறுகிடும், அப்புறம் ஓரமா ஆவி கசியும், அழுத்தம் ஏறாது, தீ மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

கேஸ் அடுப்புல தீ நீலமா இருக்கணும். மஞ்சளா நாக்கை நீட்டுனா சரியா எரியலன்னு அர்த்தம், பாத்திரத்து அடியில கரி பிடிக்குதான்னு பாருங்க, அதுதான் சாட்சி, அதோட கார்பன் மோனாக்சைடும் வரும், அது உடம்புக்கு ஆபத்து. பர்னரைக் கழட்டி சோப்புத் தண்ணில ஊறப் போட்டு, ஓட்டைகளை ஊசியால குத்தி எடுத்து, நல்லாக் காஞ்சப்புறம் மாட்டுங்க. தீ பாத்திரத்தோட ஓரத்தைத் தாண்டி மேல வரக்கூடாது, தாண்டின தீ காத்தைத்தான் சூடு பண்ணுது.

கரண்ட் கெட்டில், டீக்கு ரெண்டு கப் தண்ணி வேணும்னா ரெண்டு கப் மட்டும் ஊத்துங்க, நிறைய பேர் முழுசா ஊத்திக் கொதிக்க வச்சு மிச்சத்தை ஆற விடுறாங்க, அடுத்த தடவை மறுபடி முதல்ல இருந்து. அடியில வெள்ளையா படியுறது உப்புத் தண்ணில இருக்குற கால்சியம், அது கட்டியா ஆகிட்டா சூடு தண்ணிக்குப் போய்ச் சேர லேட்டாகும், காயில் தன் சூட்டுலயே வெந்து போகும். வினிகரோ எலுமிச்சை உப்போ கொஞ்சம் தண்ணில கலந்து ஊத்தி ஒரு மணி நேரம் விட்டா நுரைச்சுக்கிட்டு கழண்டு வந்துடும், அப்புறம் ரெண்டு தடவை வெறும் தண்ணி கொதிக்க வச்சு ஊத்திடுங்க.

ரைஸ் குக்கர்ல ஒரு அழகான விஷயம் இருக்கு, அதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். சாதாரண மாடல்ல அடித்தட்டு நடுவுல ஸ்பிரிங் வச்சு ஒரு சின்ன வட்டம் இருக்கும், கையால அமுக்கினா இறங்கும், பாத்திருப்பீங்க. அது காந்தத்தோட வேலை செய்யுது. பாத்திரத்துல தண்ணி இருக்குற வரைக்கும் சூடு 100ல நிக்கும், தண்ணி முழுக்க இழுத்ததும் சட்டுனு மேல ஏறும், குறிப்பிட்ட சூட்டுல காந்தப் பிடி விட்டுப் போய் சுவிட்ச் தானா விடுபட்டுடும். அவ்வளவு நுணுக்கமான இடத்துல ஒரு அரிசி விழுந்து ஒட்டிக்கிட்டா பாத்திரம் ஒரு பக்கமா தூக்கிக்கும், ஒரு பக்கம் கருகும் ஒரு பக்கம் வேகாது, நாம குக்கர் ரிப்பேர்னு சொல்லிடுவோம். பாத்திரத்தோட அடிப்பக்கத்தை ஈரம் இல்லாம துடைச்சுட்டு வைங்க, அந்த வட்டத்தைச் சுத்தி விரலால ஒரு தடவை தடவிப் பாருங்க, பத்து செகண்டு வேலை. வேலை முடிஞ்சப்புறம் வார்ம்ல மணிக்கணக்கா விடாதீங்க, அதுவும் கரண்ட்தான்.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு பாத்திரத்து அடியில காந்தம் கெட்டியா ஒட்டணும், அடி தட்டையா இருக்கணும், அது ரெண்டுதான் முக்கியம். சமைச்சு முடிச்ச கையோட மெயின் சுவிட்சை அணைச்சுடாதீங்க, உள்ள ஒரு ஃபேன் ஓடி அடங்கும், அது ஓடி முடியட்டும், இல்லன்னா உள்ள இருக்குற போர்டு அந்த சூட்டுலயே உக்காந்திருக்கும். மைக்ரோவேவை வெறுமன ஓட்டாதீங்க. உள்ள பக்கவாட்டுல அட்டை மாதிரி ஒரு தகடு இருக்கும், மைக்கா, அதுல சாப்பாடு தெறிச்சு அப்படியே விட்டா அந்த இடம் கருகிப் பொறி பறக்கும், ஐயோ வெடிக்கப் போகுதுன்னு தூக்கிப் போட்டவங்க இருக்காங்க, மாத்த வேண்டியது அந்த ஒரு தகடுதான்.

மிக்ஸி பில்லை ஏத்தாது, ஆனா நாம கொல்லுறது அதைத்தான் அதிகம். ஜாரை நிறைச்சு கெட்டியா போட்டு நேரா மூணாம் நம்பர்ல வைக்கிறது. மோட்டார் சுத்த முடியாம திணறும்போதுதான் அதுக்கு சூடு ஏறும், ஒரு வாடை வரும், அந்த வாடை வந்தா உடனே நிறுத்திடணும். அடியில சிவப்பா ஒரு பட்டன் இருக்கும், ஓவர்லோடு ஆனா அது வெளிய வந்து மோட்டாரைக் காப்பாத்தும், ஆறின பிறகு அமுக்கினா மறுபடி ஓடும். மிக்ஸி செத்துப் போச்சுன்னு தூக்கிட்டு கடைக்குப் போற பாதிப் பேருக்கு இந்த பட்டன் இருக்குறதே தெரியாது. அடுத்தது ஜாருக்கு அடியில இருக்குற புஷ், அதாவது பிளேடோட தண்டு சுத்துற சின்ன வளையம். ராத்திரி ஜார்ல தண்ணி ஊத்தி ஒரு பேப்பர் மேல வைங்க, காலைல பேப்பர் நனைஞ்சிருந்தா புஷ் தேஞ்சிடுச்சு, அந்தத் தண்ணி நேரா மோட்டார் பேரிங்குக்குத்தான் இறங்கும். புஷ்ஷும், ஜாரை மோட்டாரோட இணைக்குற கப்ளரும் மாத்துறது சின்ன வேலை, விட்டுட்டா மோட்டாரே போயிடும். ஜாரைத் தண்ணில முக்கிப் போட்டு ஊற வைக்கிற பழக்கத்தையும் விட்டுடுங்க.

இன்னொண்ணு, ஹீட் பண்ற சாமான் எதையும் மெல்லிசு வயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகாதீங்க. பிளக்கைத் தொட்டுப் பாருங்க, சுட்டா அங்க காசும் போகுது, ஆபத்தும் இருக்கு.

எல்லாப் பழசையும் கட்டிக்கிட்டு அழுங்கன்னு நான் சொல்லல. நிஜமாவே கம்ப்ரசர் போயிட்டா, துருப்பிடிச்சு கேஸ் ஒழுகினா, இருபது வருஷத்துக்கு முந்தின மாடலா இருந்தா மாத்துறதுதான் லாபம். ஆனா அந்த முடிவு தூசி தட்டி, ரப்பரைப் பாத்தப்புறம் எடுக்க வேண்டியது. அதோட பார்ட்ஸ் கிடைக்கணும். ஐரோப்பிய யூனியன்ல 2021 மார்ச்ல இருந்து ஒரு சட்டம் இருக்கு, ஒரு ஃபிரிட்ஜ் மாடலைக் கடைசியா மார்க்கெட்டுக்கு அனுப்பின பிறகும் 10 வருஷத்துக்கு அதோட கதவு ரப்பரைக் கம்பெனி குடுத்தாகணும். ஒரு ரப்பருக்காக சட்டம் போட்டிருக்காங்கன்னா அது எவ்வளவு முக்கியம்னு பாருங்க. இது எல்லா ஊர்லயும் வரணும்.

ஆசிரியர் சார், உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். புதுசு வாங்குங்கன்னு எழுத விளம்பரம் நிறைய இருக்கு. அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்துல, அந்த பேப்பர் துண்டு சோதனையை மட்டுமாவது படத்தோட ஒரு நாள் போடுங்க. உங்க பேப்பர் ஓரத்தையே கிழிச்சு அவங்க அவங்க ஃபிரிட்ஜ் கதவுல வச்சுப் பாத்துக்கட்டும்.

இப்படிக்கு,
தினமும் காலைல உங்க பேப்பரோட உக்காருற ஒரு வாசகி